பிள்ளைக்குச் சுகமில்லாதபோது ஏறெடுக்கிற விசுவாச ஜெபம்: புதிதாகக் கேட்பவர்களுக்கு

போன மாசம் எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரையில் குடம் நிறையக் காத்து நின்றபோது பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, ஒங்க சாமிகிட்ட கேட்டா கெடைக்கும்னு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாடுறீங்க. புள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தா மட்டும் எதுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடுறீங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. மகனுக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டவர் அவர். நேர்த்தி என்றால் அவருக்குத் தெரியும்: கேட்கிறோம், கிடைக்கிறது, செலுத்துகிறோம். எங்கள் வீட்டில் நடப்பதற்குத்தான் அவரிடம் கணக்கு இல்லை. குடம் நிறைந்ததும் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அந்த மீதிப் பதில்தான் இது. எங்கள் ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற புதிய பெற்றோரும் வேறு வார்த்தைகளில் இதையே கேட்கிறார்கள்.

முதலில் சொல். சபைக்கு வெளியே 'விசுவாசம்' என்றால் நமக்கு நாய்தான் ஞாபகம் வரும். சோறு போட்ட வீட்டை விட்டுப் போகாமல் கிடப்பது. சபைக்குள் அந்தச் சொல்லுக்கு 'நம்பி ஒப்படைப்பது' என்று அர்த்தம். 1995இல் வந்த, கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் இதே இடங்களில் 'நம்பிக்கை' என்றே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: விசுவாசம் என்பது ஓர் ஆளின் மேல் வைப்பது. "காய்ச்சல் நாளைக்கு விட்டுவிடும்" என்று அடித்துச் சொல்வது எதிர்பார்ப்பு. "காய்ச்சலில் கிடக்கிற என் பிள்ளையை நல்லவர் ஒருவர் கையில் கொடுக்கிறேன்" என்பது விசுவாசம். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வரலாம். பெரும்பாலும் அப்படித்தான் வரும். பிரித்துப் பார்க்கத் தெரியாததால் வருகிற வேதனையைக் கடைசியில் சொல்கிறேன்.

'விசுவாச ஜெபம்' என்ற பேர் யாக்கோபு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் கர்த்தருடைய நாமத்தில் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், "அப்பொழுது விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்கிறார். இதில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிற ஒன்று உண்டு. நோயாளி செய்ய வேண்டியது ஆள் அனுப்புவது மட்டும்தான். ஜெபிக்கிறவர்கள் மற்றவர்கள். படுக்கையில் கிடப்பவனிடம் "உனக்கு எவ்வளவு விசுவாசம் இருக்கிறது, காட்டு" என்று யாரும் கேட்பதாக அங்கே எழுதியில்லை. நோயாளி ஒன்றரை வயதுப் பிள்ளையாக இருந்தால் அதனிடம் கேட்கவும் முடியாது. அதனால்தான் பெற்றோர் உள்ளே வருகிறார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நிறை என்றால் விளக்கத் தேவையில்லை. சாயந்தரம் கொழுந்தைத் தராசில் மாட்டுகிறோம். மழைத் தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். சொன்ன கிலோ இருந்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர். நாலு தலைமுறையாக இந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர்கள் நாம். கடவுளுக்கு முன்னால் போனாலும் அதே தராசு தொங்குவதாகத்தான் மனசு நினைக்கிறது. அம்மாவின் விசுவாசம் நிறை கண்டால் பிள்ளைக்கு முழுச் சுகம், கொஞ்சம் குறைந்தால் அரைச் சுகம், ரொம்பக் குறைந்தால் ஒன்றுமில்லை. வாய்விட்டு யாரும் இப்படிச் சொல்வதில்லை. ஆனால் "இன்னும் விசுவாசிக்கணும் சிஸ்டர்" என்கிற ஆறுதலுக்குள் அந்தத் தராசு இருக்கிறது.

சுவிசேஷங்களில் பிள்ளைக்காக வந்த பெற்றோரை ஒவ்வொருவராகப் பார்த்தால் அங்கே தராசைக் காணோம். கானானிய ஸ்திரீ ஒருத்தி மகளுக்காக வருகிறாள். யூதரல்லாதவள், சீஷர்களுக்குத் தொல்லை. பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று இயேசு சொன்னபோதும், நாய்க்குட்டிகளும் எஜமானின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே என்று அவள் எதிர்வாதமே செய்கிறாள். இயேசு அவளிடம் "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்கிறார். மகள் குணமாகிறாள். சரி, பெரிய விசுவாசத்துக்குப் பெரிய பலன் என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியே மாற்கு 9ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு தகப்பன். மகனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு மாதிரி ஒன்று. வாயில் நுரை தள்ளும், பல்லைக் கடிப்பான், விறைத்துப்போவான், நெருப்பிலும் தண்ணீரிலும் விழுவான். சீஷர்களிடம் கொண்டுபோனார், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு இயேசுவிடம் அவர் கேட்பதைப் பாருங்கள்: "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்." கூடுமானால்! கை விட்டுப்போன மனுஷனின் பேச்சு அது. பிறகு கண்ணீரோடு சொல்கிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். தோட்டக் கணக்கில் இது அரைப்பேர். பையனுக்குக் கிடைத்ததோ முழுச் சுகம்.

இன்னும் கீழே போகலாம். லூக்கா 7இல் நாயீன் ஊர் விதவை. ஒரே மகன், பாடையில் போகிறான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இயேசுவை யாரென்று அவளுக்குத் தெரியும் என்றுகூட எழுதியில்லை. அவர் மனதுருகி "அழாதே" என்றார், பாடையைத் தொட்டார், பையன் எழுந்து உட்கார்ந்து பேசினான். நிறுக்க அங்கே கொழுந்தே இல்லை.

ஞாயிறு பள்ளியில் நான் இந்த மூன்றையும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒன்றை மட்டும் சொன்னால் தராசு மறுபடி வந்து தொங்கிக்கொள்ளும்.

நாலாவது ஒருவர் இருக்கிறார், நம் மலைநாட்டுக்கு ரொம்ப நெருக்கமானவர். யோவான் 4இல் வருகிற ராஜாவின் மனுஷர். மகன் கப்பர்நகூமில் காய்ச்சலில் கிடக்கிறான், இவர் கானாவூருக்கு வந்து கெஞ்சுகிறார். இயேசு கூடப் போகவில்லை. "நீ போகலாம், உன் குமாரன் பிழைத்திருக்கிறான்" என்று வார்த்தையை மட்டும் கொடுத்து அனுப்புகிறார். அந்தத் தகப்பன் பிள்ளையைப் பார்க்காமல், கையால் தொட்டு நெற்றி சுடுகிறதா என்று பார்க்க வழியில்லாமல், அந்த வார்த்தையோடு நடக்கிறார். மறுநாள் வேலைக்காரர் எதிரே வந்து, நேற்று ஏழாமணி நேரத்தில் ஜுரம் விட்டது என்று சொல்லும்வரை அவருக்கு ஒன்றும் தெரியாது. குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்கிற நம் பெண்கள் எத்தனை பேர் இதே நடை நடக்கிறார்கள்! பிள்ளை மஸ்கெலியாவில் அம்மாயியிடம் இருக்கும். காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். மேடத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தத் தாய் ஜெபிப்பாள். கை எட்டாத இடத்திலிருந்து ஜெபிப்பது குறைந்த ஜெபம் இல்லை என்று அவளுக்குச் சொல்ல இந்தக் கதை போதும்.

நடைமுறையில் எப்படிச் செய்கிறார்கள் என்பது சபைக்குச் சபை மாறும். 1854இல் கண்டியை மையமாக வைத்து அங்கிலிக்கன் மிஷனரிமார் தோட்டத் தமிழர் நடுவே வேலை தொடங்கினார்கள். அந்த மிஷனுக்கு அப்போது 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பேர். (அந்தப் பேரை இன்றைக்கு வாசித்தால் வயிறு எரியும், அது வேறு கதை.) கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பிறகு பெந்தெகொஸ்தே சபைகள் என்று இன்றைக்கு ஒரே லயத்தில் நாலு விதம் உண்டு. பெந்தெகொஸ்தே வீட்டில் பாஸ்டர் வந்து பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிப்பார். சின்னப் போத்தலில் ஒலிவ எண்ணெய் இருக்கும், நெற்றியில் ஒரு தொடுகை. உபவாசம் இருப்பார்கள், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் வைப்பார்கள், சுகமானதும் சபையில் சாட்சி சொல்வார்கள் (கடவுள் செய்ததை எல்லார் முன்னும் சொல்வது). கத்தோலிக்க வீட்டில் புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் நவநாள் ஜெபமும். அவர்களுக்கு 'நோயில் பூசுதல்' என்று ஒரு திருவருட்சாதனமே இருக்கிறது. ஆனால் அது புத்தி விபரம் தெரிகிற வயதை எட்டியவர்களுக்கு. கைக்குழந்தைக்கு ஃபாதர் ஆசீர்வாதம் கொடுத்து ஜெபிப்பார். அதை 'அவஸ்தை பூசுதல்' என்ற பழைய பேரில் சொல்லி, ஃபாதர் எண்ணெயோடு வந்தாலே ஆள் முடிந்தது என்று பயப்படுகிற கிழவிகள் இன்னும் உண்டு. அது சாகிறவர்களுக்கு மட்டுமான சடங்கு இல்லை.

எண்ணெயில் மருந்துச் சக்தி இல்லை, மந்திரமும் இல்லை. "இந்தப் பிள்ளையை உம்மிடம் ஒப்புக்கொடுத்துவிட்டோம்" என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். பாஸ்டர் வர முடியாவிட்டால் ஜெபம் பலிக்காது என்றும் கிடையாது.

இனி பக்கத்து லயத்து அக்காவின் கேள்வி. ஜெபிக்கிறவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

எனக்குச் சின்ன வயதில் இழுப்பு. ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் லயத்துச் சுவரெல்லாம் ஈரம், உள்ளே விறகு அடுப்புப் புகை, எனக்கு நெஞ்சு விசிலடிக்கும். அம்மா என்னை மடியில் நிமிர்த்தி வைத்து, நெஞ்சில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு சொல்வார்: "யேசப்பா, இது ஒங்க புள்ள. ஒங்க கையில இருக்கு. மூச்சு விடட்டும்." இவ்வளவுதான் ஜெபம். சத்தமில்லை, வசனமில்லை. கண்ணைத் திறந்ததும் அப்பாவைப் பார்த்து, "டோர்ச்ச எடுங்க" என்பார். இருட்டில் தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் என்னைச் சாக்குக்குள் போர்த்தித் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இறங்குவார்கள். ஜெபம் முடிந்தது, ஆகவே போகத் தேவையில்லை என்று அம்மா ஒருநாளும் நினைத்ததில்லை. ஜெபித்ததால்தான் அந்த இருட்டில் இறங்க அவருக்குத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

வேதாகமத்துக்குள்ளும் அப்படித்தான். சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார். ஆயுளில் 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் சொன்னார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் போட வைத்தார். வாக்கும் மருந்தும் ஒரே அறையில். அப்போஸ்தலன் பவுலோடு ஊர் ஊராகத் திரிந்த லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்ன அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். எத்தனையோ பேர் அவர் கையால் குணமானார்கள். கூடவே வந்த நண்பன் குணமாகவில்லை.

சாட்சி சொல்வதில் அவசரம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் டெங்கு. கண்டி, பதுளைப் பக்கம் டெங்கு புதிதில்லை. கொழும்பில் வேலை செய்துவிட்டு லீவுக்கு வருகிறவர்களோடு மேலேயும் ஏறி வருகிறது. காய்ச்சல் மூன்று, நாலு நாள் கொதிக்கும். பிறகு சட்டென்று விடும். வீட்டில் ஸ்தோத்திரம், சபை குரூப்பில் சாட்சி. டெங்குவில் அபாயம் தொடங்குவதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். காய்ச்சல் இறங்குகிறபோது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கினால், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம் உயிர் நூலில் தொங்கும். வயிறு வலிக்கிறது என்று அழுவது, விடாமல் வாந்தி, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து சுருண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, மூக்கிலோ பல் ஈறிலோ இரத்தம். இதில் ஒன்று கண்டாலும் வாகனத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. வழியில் ஜெபியுங்கள். சாட்சியை இரத்தப் பரிசோதனை முடிந்து, டொக்டர் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு சொல்லலாம். குஷ்டரோகிகள் பத்துப் பேரை இயேசுவே ஆசாரியர்களிடம் போய்க் காட்டச் சொன்னார். அந்தக் காலத்தில் சுகமாயிற்று என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று, என் கண்ணால் கண்டது. ஒரு டவுனில் சுகமளிக்கும் கூட்டம். ஊர், பேர், சபை வேண்டாம். எங்கள் டிவிஷன் பையன் ஒருவன், ஒன்பது வயது, வலிப்புக்கு மாத்திரை குடிக்கிறவன். மேடையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "இனி மருந்து எடுத்தால் அது அவிசுவாசம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தகப்பன் வீட்டுக்கு வந்ததும் மாத்திரைக் கார்டுகளைக் கானில் (சாக்கடையில்) வீசினார். மூன்றாவது வாரம் பையன் அடுப்படியில் விழுந்தான், ஒரு கை வெந்துபோனது. வலிப்பு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில், தினமும் குடிக்கிற வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக, விடாமல் வரலாம் என்று விளக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, தாய் ஒரு கார்டை மட்டும் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். புருஷனுக்கும் பயம், பாஸ்டருக்கும் பயம், எடுத்துக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. "நான் அவிசுவாசி, அண்ணே" என்று வாட்டு வாசலில் என்னிடம் அழுதாள். மாற்கு 9இல் அந்தத் தகப்பன் சொன்ன வார்த்தையைத்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பையனுக்கு இப்போது பதினைந்து. மாத்திரையும் குடிக்கிறான், சபையில் டிரம்ஸும் அடிக்கிறான்.

யவீரு மகளின் கதையில் ஒரு வரி உண்டு. இறந்து கிடந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுந்து நடந்ததும், எல்லாரும் திகைத்து நிற்க, இயேசு அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். அற்புதத்துக்கு அடுத்த வேலை சோறு. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நூற்றுக்கு 17 பேர் அளவில். தோட்டப்பகுதியில் நூற்றுக்கு 32 பேர் அளவில். அடிக்கடி சளி, அடிக்கடி வயிற்றோட்டம் என்று நாம் எண்ணெய் பூசுகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வேண்டியது முட்டையும் சுத்தத் தண்ணியும்தானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) நிறை பார்க்கிற நாளில் மிட்வைஃப் மிஸ் கொப்பியில் போடுகிற புள்ளியையும் ஜெபக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கேட்டது கிடைக்காதபோது.

என் கூடப்பிறந்த அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை இருதயத்தில் ஓட்டையோடு பிறந்தது. கொழும்புக்குப் போவதும் வருவதுமாக ஐந்து மாசம். சபை முழுக்க உபவாசம் இருந்தது. ஆறாவது மாசம் பிள்ளை போய்விட்டது. அடக்கம் முடிந்து, மண் காய்வதற்குள், ஒருவர் வந்து அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கயோ ஒரு சந்தேகம் ஒங்க மனசுல இருந்திருக்கும்." ஆறுதல் சொல்லத்தான் வந்தார். தராசைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அக்கா இரண்டு வருஷம் ராத்திரியெல்லாம் அதில் ஏறி நின்றாள்.

அவருக்கு நான் அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். யோவான் 9இல் வருகிற பிறவிக்குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் விழுந்து கிடந்தான், பிள்ளை இறந்தது. எழுந்து குளித்து ஆலயத்துக்குப் போய்த் தொழுதுகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றான். அந்தப் பிள்ளையின் சாவைத் தாவீதின் குற்றத்தோடு சேர்த்துச் சொல்கிற கதை அது. எல்லாப் பிள்ளைக்கும் அதை நீட்டக்கூடாது, நீட்டினால் யோவான் 9 குறுக்கே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே. "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று மகன் தகப்பனிடம் கேட்டார். மூன்று தரம் கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காததற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்றால், இயேசுவின் விசுவாசம் நிறை காணவில்லை என்று சொல்ல எந்த மேடையில் யாருக்கு வாய் வரும்?

அப்படியானால் "உமது சித்தம்" (உம் விருப்பப்படி ஆகட்டும்) என்று முடிப்பது தப்பிக்கிற வழியா என்று வாலிபர்கள் கேட்பார்கள். சிலர் அப்படிப் பயன்படுத்துவது உண்மைதான். ஜெபிக்கச் சோம்பல் வந்தால் அது நல்ல மூடி. ஆனால் கெத்செமனேயில் அந்த வார்த்தை, வேர்வை இரத்தத் துளிகளாக விழ, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் தீர்த்த ஒருவர் வாயிலிருந்து வந்தது. முதலில் கேளுங்கள், வெட்கமில்லாமல், பேரைச் சொல்லி, நோயைச் சொல்லி. சித்தம் என்ற வார்த்தை அதற்குப் பிறகு வரட்டும்.

அக்கா ரொம்ப நாள் ஜெபிக்கவே இல்லை. சபைக்கு வந்து பின் வாங்கில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அது எங்கள் சபை செய்த நல்ல காரியம். இப்போது மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தால், தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, பிள்ளையின் நெஞ்சில் அம்மாவைப் போலவே உள்ளங்கையை அழுத்திக்கொள்கிறாள். உதடு மட்டும் அசையும். பீப் என்று சத்தம் வந்ததும் கையை எடுத்து நம்பரைப் பார்க்கிறாள்.